நீல இன்ஹேலர் தீரப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல்லடம்_தறிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 63, பல வருடமாக இளைப்பு உண்டு. டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். ஒன்று காலையும் இரவும் தவறாமல் எடுப்பது, இரண்டிரண்டு பஃப். இன்னொன்று வீசிங் வந்தால் மட்டும் எடுக்கும் நீல நிற சால்புட்டமால். முதலாவதில் பின்பக்கம் சின்ன ஜன்னலில் எண் தெரிகிறது. நீலத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வெறும் உலோகக் குப்பி, பிளாஸ்டிக் கூடு, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு இரவு, நல்ல பனி. அம்மாவுக்கு நெஞ்சு இறுகி விசில் சத்தம் வந்துவிட்டது. நீலத்தை அடித்தார். எப்போதும் போல 'புஸ்' என்று வந்தது, ஆனால் வழக்கமாகச் சில நிமிடத்தில் அடங்குவது அன்று அடங்கவில்லை. திரும்ப அடித்தார், அப்போதும் அப்படியே. நல்லவேளை, பீரோவில் பிரிக்காத புதுசு ஒன்று இருந்தது. அதை எடுத்த பிறகுதான் மூச்சு சீரானது. பழையதைக் காதருகில் வைத்துக் குலுக்கினால் இன்னும் உள்ளே ஏதோ சளசளக்கிறது. அழுத்தினால் காற்றும் வருகிறது. அப்புறம் ஏன் வேலை செய்யவில்லை?

குலுக்கிப் பார்த்து மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டு அண்ணன் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்கிறார், அது சரியா? அம்மாவுக்கு கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியாது, போன் ஆப் எல்லாம் ஒத்துவராது. அவருக்குத் தகுந்த மாதிரி ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஊத்துக்குளி_வெண்ணெய்:

எங்கள் அப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் குப்பியைப் போட்டுப் பார்ப்போம். மூழ்கினால் ஃபுல், படுத்து மிதந்தால் காலி. ரொம்ப சிம்பிள்.

குன்னூர்_டீச்சர்:

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். நான் பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து இந்த நீல டப்பியோடு வாழ்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தண்ணீர் சோதனை பழைய காலத்துச் சரக்கு. அப்போது குப்பிக்குள் மருந்தைத் தள்ளிக்கொண்டு வந்த வாயு சிஎஃப்சி. ஓசோன் படலத்தை ஓட்டையாக்கும் அதே வாயுதான். 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்த பிறகு படிப்படியாக அதை நிறுத்தி, ஹெச்எஃப்ஏ என்ற வேறு வாயுவுக்கு மாறினார்கள். அத்தோடு குப்பியின் அளவும் எடையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எது மூழ்கும், எது மிதக்கும், எவ்வளவு மருந்தோடு மிதக்கும் என்பதற்குப் பொதுவான கணக்கே கிடையாது. அது போக, குப்பியின் மூக்குக்குள் தண்ணீர் புகுந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். நன்றாக இருந்த இன்ஹேலரையும் சோதித்துப் பார்த்தே கெடுத்து வைப்போம்.

இனி குலுக்கலுக்கு வருகிறேன். உங்கள் அம்மாவுடையது போன்ற ஒரு குப்பியில் பஃபுக்கு 100 மைக்ரோகிராம் சால்புட்டமால், மொத்தம் 200 பஃப். பெருக்கிப் பாருங்கள். முழுக் குப்பிக்கும் சேர்த்து மருந்து வெறும் 20 மில்லிகிராம்தான், ஒரு சிட்டிகைகூட வராது. காதில் சளசளப்பது அந்த மருந்து இல்லை, அதைச் சுமந்து வரும் திரவ வாயு. 200 பஃப் சரியாக வர வேண்டும் என்பதற்காக அந்தத் திரவத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே அடைப்பார்கள். அதனால் கணக்கு முடிந்த பிறகும் அழுத்தினால் வரும். சத்தம் வரும், தொண்டையில் சில்லென்று படும், கண்ணாடி முன்னால் அடித்தால் புகையும் தெரியும். ஆனால் அதில் மருந்து எவ்வளவு என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு பஃபில் பாதி வரும், அடுத்ததில் ஒன்றுமே இருக்காது. குப்பிக்குள் ஒரு குட்டி அறை உண்டு, ஒவ்வொரு தடவையும் அதில் நிரம்புகிற அளவுதான் வெளியே வரும். திரவம் அடிமட்டத்துக்குப் போய்விட்டால் அந்த அறை அரைகுறையாக நிரம்பத் தொடங்கும். அந்த இரவு உங்கள் வீட்டில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

கேஸ் சிலிண்டர் தீரும்போது அடுப்பில் சுடர் சிறுத்து நமக்குத் தெரிந்துவிடும். இதில் அந்த மரியாதை கிடையாது. கடைசி வரை ஒரே 'புஸ்'தான்.

ஆகவே எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை. காலை இரவு எடுக்கும் மருந்துக்கு இது சுலபம். 120 பஃப் உள்ளதை நாளுக்கு நாலு எடுத்தால் 30 நாள், காலண்டரில் ஒரு வட்டம் போட்டால் போதும். நீலத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒரு வாரம் தொடவே மாட்டோம், பனிக்காலத்தில் ஒரே நாளில் எட்டு அடிப்போம். பிரித்த தேதியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு இதன் ஆயுளைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பஃபும் எழுதப்பட வேண்டும்.

உங்கள் அம்மா பால் கணக்கு எழுதுகிறவரா? எங்கள் வீட்டில் மாத காலண்டர் கட்டத்திலேயே பால் கோடு, பேப்பர்காரர் கணக்கு எல்லாம் உண்டு. அதே கட்டத்தின் மூலையில் ஒரு பஃபுக்கு ஒரு கோடு போடுவேன், நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. வெளியூர் போனால் கைப்பையில் இருக்கும் துண்டுச் சீட்டில் கோடு, வீடு வந்ததும் காலண்டருக்கு மாற்றம். ஆப்பும் வேண்டாம், பொடி எழுத்தும் படிக்க வேண்டாம். மாத முடிவில் கூட்டி அடுத்த மாதத்தின் தலையில் எழுதிவிட வேண்டும். 150 தாண்டினால் புதுசு வீட்டுக்கு வந்தாக வேண்டும். 200 வந்துவிட்டால் எவ்வளவு சளசளத்தாலும் சரி, அது காலி.

குப்பியைப் பிரித்த தேதியை மார்க்கரால் உலோகத்தின் மேல் எழுதுங்கள், பிளாஸ்டிக் கூட்டில் வேண்டாம். கூட்டைக் கழுவும்போது எழுத்து போய்விடும். அதைவிட முக்கியம், இரண்டு கூடுகள் வீட்டில் இருந்தால் எந்தக் குப்பி எந்தக் கூட்டுக்கு என்று மாறிப்போகும்.

எண்ணும்போது பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. புதுசைப் பிரித்ததும் காற்றில் இரண்டு மூன்று அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். பல நாள் எடுக்காமல் வைத்திருந்தாலும் அப்படியே. எத்தனை என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதுவும் கணக்கில் சேர வேண்டும். "இருக்கா இல்லையா பார்க்கலாம்" என்று தினம் ஒன்று காற்றில் அடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதனால் ஒன்றும் தெரியவராது, டோஸ்தான் வீணாகும்.

மருந்து இருந்தும் பஃப் வலுவில்லாமல் வருகிறது என்றால் கூட்டின் துளையில் பொடி படிந்து அடைத்திருக்கலாம். வாரம் ஒரு தடவை குப்பியை வெளியே எடுத்துவிட்டு, கூட்டை மட்டும் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் காட்டி, உதறி, இரவு முழுக்கக் காற்றில் காயவிட வேண்டும். எண் ஓடும் வகை சிலவற்றில் குப்பியைக் கழற்றக் கூடாது, அதற்கும் அந்தத் தாளையே பாருங்கள்.

ஈரோடு_மெடிக்கல்ஸ்:

டீச்சர் சொன்னதற்கு மேல் கடைக்காரன் பக்கத்துச் செய்தி கொஞ்சம்.

அதே மருந்தில் எண் ஓடும் வகையும் வருகிறது, எண் இல்லாததும் வருகிறது. கடையில் "சால்புட்டமால் இன்ஹேலர் கொடுங்க" என்றால் கைக்கு எட்டியதைத்தான் தருவோம். "கவுன்டர் வெச்சது வேணும்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் மொத்த வியாபாரியிடம் சொல்லி வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். அமெரிக்காவில் புதிதாக வரும் இன்ஹேலர்களில் கவுன்டர் இருக்க வேண்டும் என்று அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003லேயே பரிந்துரை செய்துவிட்டது. இங்கே அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்காததை நாங்களும் அடுக்கி வைக்க மாட்டோம், உண்மையைச் சொல்கிறேன்.

கவுன்டர் அழுத்தியதைத்தான் எண்ணும், நெஞ்சுக்குள் போனதை எண்ணாது. பேரப்பிள்ளை எடுத்து பொம்மை மாதிரி நாலு தடவை அழுத்தினாலும் நாலு குறையும். 20 என்று காட்டினால் அடுத்ததை வாங்கிவிடுங்கள். சைபர் வந்த பிறகும் அது அடிக்கும், நம்பாதீர்கள்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று எக்ஸ்பைரி. பீரோவில் உபரியாக வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் உபரி பழசாகிவிடக் கூடாது. புதுசு வந்ததும் பழைய உபரியைப் பயன்பாட்டுக்கு எடுங்கள். இன்னொன்று, எத்தனை டோஸ் என்ற எண். எல்லா இன்ஹேலரும் 200 இல்லை. 120 உண்டு, வேறு அளவும் உண்டு. 120ஐ 200 என்று நினைத்து எண்ணினால் கடைசி 80 பஃப் வெறும் காற்று.

வெயிலில் நிறுத்தும் கார் டேஷ்போர்டு, பைக் டேங்க் கவர், இதிலெல்லாம் வைக்காதீர்கள். 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே போட்டிருக்கும். மூடி எப்போதும் மாட்டியிருக்கட்டும். பையில் மூடியில்லாமல் கிடந்தால் சில்லறைக் காசு, மாத்திரை அட்டைத் துணுக்கு எல்லாம் வாய்ப்பகுதிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடிக்கும் முன் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்ப்பது நல்லது.

சிங்கப்பூர்_மாமா:

நான் எடுப்பது டர்புஹேலர், பொடி வகை. குலுக்கினால் அதிலும் கலகல என்று சத்தம் வரும். முழுக்கத் தீர்ந்த பிறகும் வரும்! அது மருந்து இல்லை, ஈரம் உறிஞ்ச அடியில் போட்டிருக்கும் பொருள் என்று மருந்தகத்தில் சொன்னார்கள். ஆக எந்த வகை இன்ஹேலரிலும் காதை நம்பிப் பயனில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு குளிகையைப் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலர் எடுப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், டப்பாவைத் திறந்து மிச்சக் குளிகைகளை எண்ணிவிடலாம்.

பல்லடம்_தறிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், பால் கோடு யோசனை அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. அண்ணா, கவுன்டர் வைத்ததை எங்கள் ஊர்க் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

கோடு போட ஆரம்பித்ததும் ஒரு விஷயம் தெரியவந்தது. வீசிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படுக்கும் முன் அம்மா நீலத்தில் இரண்டு அடித்துக்கொள்கிறார், "முன்னெச்சரிக்கையா". பல மாதமாக இது நடக்கிறதாம். சந்தேகம் வந்து மற்ற இன்ஹேலரின் எண்ணைப் பார்த்தேன். வாங்கி ஒரு மாதம் தாண்டிவிட்டது, தீர்ந்திருக்க வேண்டும், ஆனால் இன்னும் 70க்கு மேல் காட்டுகிறது. கேட்டால், "அது அடிச்சா ஒண்ணும் தெரியறதில்ல சாமி, நீலம்தான் மருந்து" என்கிறார். இது பரவாயில்லையா?

லீட்ஸ்_நர்ஸ்:

தம்பி, பரவாயில்லை என்று சொல்ல முடியாது. குப்பி எப்போது தீரும் என்று கேட்க வந்தீர்கள், ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதுதான் டாக்டரிடம் எடுத்துப்போக வேண்டிய கேள்வி.

இரவுக்கு இரண்டு பஃப் என்றாலே ஒரு குப்பி நூறு நாள்தான். வருடத்துக்கு மூன்றரைக்கு மேல். உண்மையான வீசிங்குக்கு எடுப்பது அதற்கு மேல். வருடத்துக்கு மூன்று நீலக் குப்பி அல்லது அதற்கு மேல் தீர்க்கிறவர்களுக்கு, ஆஸ்துமா திடீரென்று முற்றும் அபாயம் அதிகம் என்று ஜினா என்ற சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி சொல்கிறது. மாதம் ஒன்று தீர்க்கிறவர்களுக்கு உயிர் அபாயமே கூடுகிறது. இங்கே பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களைப் பற்றிய தேசிய ஆய்வு ஒன்று 2014ல் வந்தது. நீல மருந்து எடுத்துவந்து இறந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரே வருடத்தில் 12க்கு மேல் நீல இன்ஹேலர் எழுதப்பட்டிருந்தது. மருந்து அவர்களைக் கொன்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நோய் கட்டுக்குள் இல்லை என்று அத்தனை குப்பிகளும் சொல்லிக்கொண்டே இருந்தன, யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அம்மா சொல்வதும் நியாயமான அனுபவம்தான். நீலம் இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடத்தில் விரித்துவிடும், பலன் கையோடு தெரியும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. அந்த வீக்கத்தைக் குறைப்பது மற்றதில் இருக்கும் ஸ்டீராய்டு. அடித்த நிமிடம் ஒன்றும் தெரியாது, நாள் கணக்கில் தொடர்ந்து எடுத்தால்தான் நீலத்தின் தேவை குறையும். அதைத் தவறவிட்டால் நீலக் குப்பி வேகமாகக் காலியாகும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் தனி மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்று ஜினா 2019லேயே சொல்லிவிட்டது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தையும் ஸ்டீராய்டையும் ஒன்றாக்கிய ஒரே இன்ஹேலரைத் தேவைப்படும்போது எடுக்கும் முறையும் இருக்கிறது. அம்மாவுக்கு எது பொருந்தும் என்பது அவரது டாக்டர் சொல்ல வேண்டியது. காலண்டர் தாளையும் எண் காட்டும் இன்ஹேலரையும் கையோடு கொண்டுபோங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, அந்த இரவைப் பற்றி. கடும் இழுப்பு வந்தால் இங்கே நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: நேராக உட்கார வேண்டும், ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) வைத்து ஒரு நேரத்தில் ஒரு பஃப், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இடைவெளி விட்டு அடுத்தது. இப்படிப் பத்து பஃப் வரை போகலாம். ஒவ்வொன்றுக்கும் முன் குலுக்க வேண்டும். அதற்குள் சரியாகாவிட்டால் ஆம்புலன்ஸ். இங்கே 999, உங்களுக்கு 108. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆள் சோர்ந்து தூக்கத்தில் விழுகிறார் என்றால் பத்து முடியும்வரை காத்திருக்காமல் முதலிலேயே கூப்பிடுங்கள். ஒரே இரவில் பத்து பஃப் தேவைப்படலாம் என்பதால்தான் கடைசிச் சொட்டு வரை ஓட்டக் கூடாது என்கிறோம். கணக்கில் 195 ஆன குப்பியை நம்பி அந்தப் பத்தைத் தொடங்க முடியாது. அம்மாவிடம் ஸ்பேசர் இருக்கிறதா? இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள். அழுத்துவதும் இழுப்பதும் நேரம் பொருந்தாமல் பாதி மருந்து தொண்டையிலேயே ஒட்டிப்போகும் வயது இது.

பல்லடம்_தறிக்காரன்:

ஸ்பேசர் இருக்கிறது அக்கா, "பெருசா இருக்கு" என்று பரணில் போட்டிருந்தார். எடுத்துக் கழுவி வைத்தாயிற்று. வியாழக்கிழமை டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. தீர்ந்துபோன பழைய குப்பிகள் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய வீட்டில் கிடக்கின்றன. எங்கள் தெருவில் குப்பையைக் கொளுத்துவார்கள். அதில் போடலாமா?

ஈரோடு_மெடிக்கல்ஸ்:

கொளுத்தும் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். காலி என்று நாம் சொல்லும் குப்பியிலும் அழுத்தத்தோடு வாயு மிச்சம் இருக்கும், சூட்டில் வெடிக்கும். ஆணி வைத்து ஓட்டை போடுவதும் கூடாது. முதலில், எது காலி எது புதுசு என்று குழம்பாமல் இருக்க எல்லாவற்றின் மேலும் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். பிறகு தூய்மைப் பணியாளர் வரும்போது மற்றதோடு கலக்காமல் தனியாகக் கொடுத்து, இது கேஸ் குப்பி, தீயில் போட வேண்டாம் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

குன்னூர்_டீச்சர்:

பெருக்கல் குறி போடும்போது அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும் தம்பி. அந்தக் கவரிலிருந்து அவசரத்துக்கு ஒன்றை எடுத்து அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

பல்லடம்_தறிக்காரன்:

டீச்சர், இப்போதுதான் பார்த்தேன். தலையணைக்கு அடியில் இருந்ததும் அந்தக் கவரில் இருந்து எடுத்ததுதான்! எல்லாவற்றுக்கும் குறி போட்டாயிற்று.